எங்கள் கம்பெனியின் சிறந்த படம்

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஒரு விசேஷம் உண்டு: சாயம் மங்கினாலும் சரி, தையல் பிரிந்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கு மெயில் எழுதி மன்னிப்புக் கேட்பது நாம்தான். வாரம் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை படத்துக்குப் போய், டிசம்பரில் 'இந்த ஆண்டு எனக்குப் பிடித்த பத்து' என்று பட்டியல் போடுகிற ஆள் நான். நீங்களும் அப்படி ஒருவர் என்றால், பட்டியலுக்குப் பிறகு வரும் வம்பு உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஸ்டேட்டஸ்

பட்டியலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன். முதலிடம், ஒரு ரேஷன் கடை ஊழியரைப் பற்றிய சின்னப் படத்துக்கு. திருப்பூரில் அது காலைக் காட்சி மட்டும் ஓடி, ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. மறுநாள் முதலாளி கூப்பிட்டார். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாகுமா என்பது ஜனவரியில்தான் தெரியும். வேலை நேரத்தில் ஸ்டேட்டஸ் போட்டதற்காகக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, சாப்பாட்டு இடைவேளையில்தான் போட்டேன் என்று சொல்லத் தயாராகப் போனேன்.

அவர் உட்காரச் சொன்னார். ஆண்டு விழாவில் கம்பெனி ஆட்களிடம் ஓட்டு வாங்கி, சிறந்த படத்துக்கு ஷீல்டு கொடுக்கலாம் என்றார். அந்தப் பொறுப்பு எனக்கு. எழுந்து கதவருகே போனதும் பின்னாலிருந்து சொன்னார்: "எங்க மச்சான் எடுத்த படத்தையும் சேர்த்துக்குங்க அம்முணி. அன்னைக்கு அவரும் வர்றாருங்க."

செக்கிங் டேபிள்

ஓட்டு வாங்குவதை செக்கிங் செக்‌ஷனில் தொடங்கியதுதான் நான் செய்த தப்பு. அங்கே இருப்பவர்கள் காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு பனியனையும் விரித்துப் போட்டுக் குறை தேடுகிறவர்கள். எந்தப் படம் பிடித்தது என்று கேட்டால், எந்தப் படத்தில் என்ன பழுது என்றுதான் பதில் வந்தது. ஒரு படத்தில் கதாநாயகன் பாட்டுக்கு முன்னால் போட்டிருந்த டீ-ஷர்ட்டும் பாட்டுக்குப் பின்னால் போட்டிருந்ததும் வேறு வேறு கலர். இன்னொன்றில் போலீஸ்காரரின் காலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. கதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலாளியின் மச்சான் படத்தை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கம்பெனி பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்கு ஓட்டு உண்டா என்று சூப்பர்வைசர் மும்தாஜ் அக்காவிடம் கேட்டேன். கையிலிருந்த பனியனை மடித்து வைத்துவிட்டு யோசித்தார்.

"அந்த ஹீரோயின் புள்ள மழையில நனைஞ்சு ஊட்டுக்கு வருது, கதவத் தொறந்தா சேலை அயர்ன் பண்ணுன மாதிரி இருக்குது. நாங்க எப்படிக் கண்ணு அத பாஸ் பண்ணுவோம்?"

என் படத்துக்கு ஒரு ஓட்டு

தையல் பிரிவில் கல்யாண மண்டபக் காமெடிப் படம் ஒன்றுக்கு ஓட்டு குவிந்தது. எனக்கும் அந்தப் படம் பிடிக்கும். ஏழாவது இடம் கொடுத்திருந்தேன். என் ரேஷன் கடைப் படத்தைப் பற்றிப் பெரும்பாலானவர்கள் கேள்விப்படவே இல்லை.

பீகாரிலிருந்து வந்த டெய்லர் சோனு மட்டும் அதற்கு ஓட்டுப் போட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதன் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசலாம் என்று மிஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏன் பிடித்தது என்று கேட்டேன்.

"அதுல யாரும் ஜாஸ்தி பேசல அக்கா. தமிழ்ப் படத்துல எனக்கு ஃபுல்லா புரிஞ்சது அது ஒண்ணுதான்."

சிறப்பு விருது

கடைசியில் மச்சான் படத்துக்கு ஒரு ஓட்டும் இல்லை. மேனேஜரிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. 'ஸ்பெஷல் ஜூரி' என்று இன்னொரு ஷீல்டு அடிக்கச் சொல்லிவிட்டார். "டிவியில பாக்கறீங்கல்லங்க? விழாவுக்கு வந்தவங்கள வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க" என்றார். அது உண்மைதான். பொங்கல் விடுமுறையில் விருது விழா பார்த்து நொந்திருப்பீர்கள். சிறந்த நடிகர், விருப்பமான நடிகர், மக்கள் மனம் கவர்ந்த நடிகர் என்று முன்வரிசை முழுக்க எழுந்து போய் வாங்கி வரும். நமக்குப் பிடித்தவர் மட்டும் நாலு மணி நேரம் கைதட்டிக்கொண்டே இருப்பார்.

எங்கள் விழாவில் ஜூரி என்று இருந்தது நான் ஒருத்திதான். நான் கொடுக்காத விருதை நானே அறிவிக்க வேண்டும். வேலம்பாளையத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் புலம்பினேன். திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே பனியன் தைத்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏட்டி, வேலைய நெரந்தரமாக்குத வரைக்கும் அந்தப் படம் நல்லாருக்குன்னே சொல்லேன். ஒனக்கு என்ன கொறஞ்சா போவும்?"

விழா

சரக்கில் பழுது என்றால் கப்பல் ஏறுவதற்கு முன்பே பையரிடம் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். விழா தொடங்கும் முன் முன்வரிசையில் மச்சான் தனியாக உட்கார்ந்திருந்தார். போய், "சார், உங்க படத்துக்கு ஓட்டு விழலீங்க. ஸ்பெஷல் ஜூரின்னு கூப்பிடுவாங்க, அது நாங்க தேர்ந்தெடுத்தது இல்லீங்க" என்று சொன்னேன். அவர் ஏன் விழவில்லை என்று கேட்டார். நனையாத சேலையைச் சொன்னேன். இடைவேளைக்குப் பிறகு கதை எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மேடையில் முதலிடம் வந்த காமெடிப் படத்தின் பெயரை மட்டும் படித்து, வாங்க ஆள் இல்லாத ஷீல்டை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டாவது ஷீல்டை மேனேஜரே அறிவித்தார். மச்சான் வந்து வாங்கினார், போட்டோவுக்கு நின்றார், போகும்போது அதை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். இந்த முறை எந்தச் சமாதானமும் தயார் பண்ணாமல் போனேன்.

"நான் வருசம் பூரா படம் நல்லாருக்குன்னே சொல்லிட்டிருந்தனுங்க. 'அந்தப் புள்ள சொன்னத நீங்க ஏன் மொதல்லயே சொல்லலை'ன்னு மச்சான் என்னையப் புடிச்சுக்கிட்டாரு" என்றார். மேசையில் இருந்த சேம்பிள் பனியனைப் புரட்டிக்கொண்டே மேலும் சொன்னார்:

"வேலை நிரந்தரம்னு கன்ஃபர்மேஷன் போடச் சொல்லீட்டனுங்க அம்முணி. ஆனா பையர்கிட்ட ஏதாச்சும் இப்படிச் சொல்லோணும்னா, மொதல்ல எங்கிட்டச் சொல்லீருங்க."

என் ஓட்டையும் சேர்த்து என் முதலிடப் படத்துக்கு விழுந்தது ரெண்டே ஓட்டு, மச்சானின் ஷீல்டு சேம்பிள் ரூமில் பனியன் கட்டு சரியாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஆக, இந்த ஆண்டு விருது சீசனில் எதையாவது வாங்கி வைத்துக்கொண்டது நான் மட்டும்தான்.