வானத்தில் ஒரு கறை

ஸ்டூலில் உட்கார வைத்து, மோவாயைத் தொட்டு நிமிர்த்தி, “அப்டியே இரு நைனா, ஆடாத” என்று சொல்லிவிட்டுக் கன்னியப்பன் வாசலுக்குப் போய்விடுவார். நாம் கழுத்து வலியோடு காத்திருப்போம். அவர் தெருவில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்து, வானத்தை மேற்கிலிருந்து கிழக்கு வரை ஒருமுறை துழாவிவிட்டுத் திரும்பி வருவார். படம் எடுப்பது உள்ளே, இரண்டு மின்விளக்கு வெளிச்சத்தில். வெளியே வெயிலடித்தால் என்ன, மேகம் கட்டினால் என்ன? கேட்டால், “ராத்திரிக்கு எப்டி கீதுன்னு பாத்தேன்” என்பார்.

அம்பத்தூரில், மண்ணூர்பேட்டைப் பக்கம் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது அவருடைய பொன்னி ஸ்டுடியோ. கீழே கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. கம்பெனி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருகிறவர்கள், பெண்ணுக்கு வரன் தேடப் படம் எடுக்க வருகிறவர்கள், இந்த இரண்டு கூட்டத்தை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. ஐம்பதை நெருங்குகிற ஒல்லியான ஆள். சட்டைக் கையின் விளிம்பெல்லாம் படம் கழுவும் டெவலப்பர் பட்டுப் பழுப்பேறியிருக்கும். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார். மூக்கின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பார்ப்பார். என் மூக்கைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதுவதாக இல்லை.

அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடையைச் சாத்தியதும் மாடிக்கு ஏறிவிடுவார். கல்யாணப் பெண்களைப் படமெடுத்து ஓய்ந்த பழைய பெரிய லென்ஸ் ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் பொருத்திய மரப்பெட்டி, பக்கத்தில் சின்னத் தொலைநோக்கி, இரண்டையும் சுமக்கத் தண்ணீர்க் குழாயில் செய்த ஒரு தாங்கி. பேட்டையில் லேத் ஓட்டுகிற சுலைமான் செய்து கொடுத்தது. நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் பெட்டியும் கூடவே நகர வேண்டும். அதற்கு ஒரு திருகு. தொலைநோக்கிக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முடிகள் ஒட்டியிருக்கிறார். மனைவி சொர்ணத்தின் சீப்பிலிருந்து எடுத்தவை. அவை வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது விலக விலகத் திருகைத் திருப்பிக்கொண்டு, அரை மணிக்கு மேல் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருக்க வேண்டும். தும்மக் கூடாது. கொசு கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும் என்று விட வேண்டும். அம்பத்தூர்க் கொசுவை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தவம் என்று புரியும்.

“பொகை சார். நட்சத்திரத்துக்கு நடுவுல பொகை மாதிரி ஒண்ணு கீது. நெபுலான்றான். நம்ம கண்ணுக்குத் தெரியாது. பிலிமு பொறுமையா பாத்துக்கினே இருந்தா அதுக்குத் தெரியும்” என்பார். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன், எனக்கு எல்லாம் புரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நானும் தலையாட்டி வைப்பேன். பழைய பேப்பர் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு நட்சத்திர வரைபடம். அதில் திருவாதிரைக்குக் கிழக்கே கொஞ்சம் தள்ளிப் புள்ளிகளால் ஒரு வட்டம். மிக மங்கலான புகை என்று மட்டும் போட்டிருந்தது, படம் கிடையாது. அது எப்படி இருக்கும் என்றே தெரியாமல் மூன்று குளிர்காலமாக அதைத் துரத்திக்கொண்டிருக்கிறார்.

எழுபதாம் வருஷம் லென்ஸில் பனி இறங்கி, படம் முழுக்கவே புகை. அடுத்த வருஷம் வட்டத்துக்குள் சரியாக ஒரு மங்கல் விழுந்தது. தெருவுக்கே லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, நகரத்தில் வானம் பார்க்கிற சங்கத்துக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் நல்ல மனிதர். “இது டெவலப்பர் கறைங்க. அடுத்த தடவை ரெண்டு ராத்திரியில ரெண்டு படம் எடுங்க. ரெண்டுலயும் ஒரே மாதிரி விழுந்தா நம்பலாம். கறை ஒரே மாதிரி ரெண்டு தடவை வராது” என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். லட்டு தின்ற தெரு அவ்வளவு பக்குவம் பார்க்கவில்லை. “இன்னா அண்ணாத்தே, பொகை அடங்கிச்சா?” என்று ஒரு மாதம் ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். அதிலிருந்து மாடியில் என்ன எடுத்தார், அதில் என்ன விழுந்தது என்று மனைவியிடம்கூட அவர் வாய் திறப்பதில்லை.

இந்த வருஷம் அவசரம் வேறு சேர்ந்துகொண்டது. தெருவில் மெர்க்குரி விளக்குக் கம்பங்கள் நட்டாகிவிட்டன. மாசி பிறந்ததும் கரண்ட் கொடுக்கிறார்களாம். ஒரு கம்பம் மாடிக்கு நேர் எதிரே நிற்கிறது; அது எரிந்தால் பிலிமில் புகை விழாது. “எல்லாம் வெளிச்சம் வருதுன்னு குஷியா கீறாங்க. நான் வேணான்னா அடிக்க வருவாங்க” என்றார் கன்னியப்பன்.

சொர்ணத்தைச் சொல்லாமல் இந்த ஸ்டுடியோவைச் சொல்ல முடியாது. ஜன்னலோரம் சாய்வான மேசை, அதில் பதித்த கண்ணாடி, கீழிருந்து வெளிச்சம். அதன்மேல் நெகட்டிவை வைத்து, பென்சிலாலும் ஒரு பொடிக் கத்தியாலும் முகங்களைச் சீர்செய்கிறவர் அவர்தான். பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே சுருக்கம், எல்லாம் அவர் கையில் மறையும். எத்தனையோ கல்யாணங்கள் அந்தக் கத்தி முனையில் நிச்சயமாகியிருக்கின்றன.

தை அமாவாசை கழிந்து வளர்பிறை முகூர்த்தங்கள் தொடங்கிய ஒரு நாள், என் தங்கையின் படத்தை வாங்கப் போயிருந்தேன். முந்தின நாள்தான் பஸ் நிறுத்தத்தில் கன்னியப்பன் என் காதோடு, “ஒண்ணுல வுழுந்துகீது சார். இன்னொண்ணு எடுத்துட்டா கெலிச்சேன்” என்று சொல்லியிருந்தார். இன்று வேலப்பன்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். கடையில் சொர்ணம் மட்டும்.

என்னைப் பார்த்ததும் ஒரு நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். சுத்தமான பிலிம், அதில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகளாய் நட்சத்திரங்கள்.

“இது மாடியில எடுத்தது சார். அவசரத்துல மேஜை மேலயே வச்சிட்டு ஓடிட்டாரு. நடுவுல ஒரே கலீஜ், கறையாட்டம். பாவம், கொசுக்கடியில குந்திகினு எடுத்ததாச்சேன்னு காலையிலேந்து சுரண்டி எடுத்தேன். ஒரு நட்சத்திரம் மேலயாச்சும் கத்தி பட்டுகீதா பாருங்க.”

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு ஆசையோடு காட்டுகிறவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லும் வேலை எனக்கு வைக்காமல் கன்னியப்பனே வந்துவிட்டார். நெற்றியில் கல்யாண வீட்டுச் சந்தனம். சொர்ணம் சிரித்தபடி பிலிமை நீட்டினார். அவர் அதைக் கண்ணாடிமேல் வைத்து, பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

“இங்க ஒண்ணு இருந்துச்சே.”

“கலீஜ்யா. எடுத்துட்டேன்.”

“அடிப்பாவி! அதுக்குத்தான்டி மூணு வருஷமா மாடியில கெடக்கறேன்.”

சொர்ணத்துக்கு முகம் செத்துப்போயிற்று. “எனுக்கு இன்னா தெரியும்? ஒரு வார்த்தை சொன்னியா நீ? இதாம்மே பொகை, தொடாதன்னு சொன்னியா?” என்று கேட்டார். கண் நிறைந்துவிட்டது.

கன்னியப்பன் என்னிடம் திரும்பினார். நேற்று இரவு இரண்டாவது படமும் எடுத்துவிட்டாராம். விடியற்காலையில் கழுவி இருட்டறையில் தொங்கவிட்டிருக்கிறாராம். “அதுலயும் ஏதோ வுழுந்தா மாதிரிதான் கீது. ஆனா இன்னா பிரயோஜனம் சார்? ஒத்தப் படம் சாட்சி ஆவாது. இதையும் கறைன்னுதான் சொல்லுவாங்க. எனுக்கே தெரியாதே, கறையா இல்லியான்னு. இனிமே நெலா வளந்துரும், அப்பால லைட்டு வந்துரும்.” ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அந்த அம்மாளைப் பார்க்க இன்னும் பரிதாபமாக இருந்தது.

சொர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “அது பொகையா கலீஜான்னு எனுக்குத் தெரியாது. ஆனா எப்டி இருந்துச்சுன்னு தெரியும். ஓரம் ஓரமா சுரண்டினவ நானு” என்றார்.

ஒரு போட்டோ அட்டையைத் திருப்பிப் போட்டுப் பென்சிலை எடுத்தார். பிலிமில் சுண்டுவிரல் நகம் அளவு இருந்ததை அட்டையில் உள்ளங்கை அளவுக்கு வரைந்தார். பென்சிலைச் சாய்த்துத் தீட்டி, விரல்நுனியால் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினார். மேகம் மாதிரி ஒரு வளையம் வந்தது. “நடுவுல அது இல்ல. வழிச்சு வுட்டா மாதிரி இருந்துச்சு. அங்க ஒரு கொத்தா நட்சத்திரம். இந்தப் பக்கம் மட்டும் கெட்டி. கத்தி ரெண்டு தபா போவ வேண்டியதா இருந்துச்சு.”

கன்னியப்பன் எழுந்து இருட்டறைக்குள் போனார். சொர்ணம் இன்னும் கண்ணால் பாராத அந்த இரண்டாவது நெகட்டிவைக் கிளிப்போடு எடுத்து வந்து கண்ணாடிமேல் வைத்தார். பக்கத்தில் அட்டையை வைத்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை. பிறகு பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். நானும் பார்த்தேன். வளையம். நடுவில் வெறுமை. அந்த வெறுமையில் ஒரு கொத்து நட்சத்திரம். சொர்ணம் கெட்டியாகத் தீட்டியிருந்த அதே பக்கம் பிலிமிலும் கெட்டியாக இருந்தது.

“இன்னாய்யா, அதானா?” என்றார் சொர்ணம், பயந்துகொண்டே.

பெண்டாட்டியோடு நாலு பேர் எதிரில் சிரித்துப் பேசிக்கூட யாரும் கண்டிராத மனிதர், நான் ஒருவன் உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டு, பென்சில் கரி படிந்த அந்த விரல்களைப் பிடித்து இழுத்து, தம் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.