முதலில் சொன்னது யார்?

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு 'முத்திரை' என்று பட்டப்பெயர். ஆம்புலன்ஸ் அழைப்புகள் போகும் பழைய நெட்வொர்க்கையும் புதியதையும் இணைத்தவள் அவள்தான். நடுவில் இரண்டு ரவுட்டர்கள் நின்று, எந்த இடத்துக்கு எந்த வழி என்று இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சொல்லும். சொன்னது சுற்றிக்கொண்டு புதுச் சேதி போலத் திரும்பி வந்தால் ஆபத்து. அதனால் ஒவ்வொரு வழிக்கும் ஓர் அடையாள எண் குத்தி அனுப்புவாள். அந்த எண்ணோடு திரும்பி வருவதை ரவுட்டர் நம்பாது.

வீட்டிலும் இதே பாடுதான். "என் தங்கச்சியே சொல்றா" என்று கணவர் ஆரம்பித்தால், "அவளுக்குச் சொன்னதே நான்தாங்க!" என்று எரிந்து விழுவாள்.

எங்கள் மேலதிகாரிக்குத் தனக்குப் புரியாததெல்லாம் குப்பை. அன்று காலை இரண்டாவது ரவுட்டரிலிருந்து அந்த எண்களை வழித்துப் போட்டுவிட்டார். மதியம் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். எல்லாம் பச்சை.

"பாத்தியாம்மா, ஒண்ணும் குடி முழுகிடல."

அவள் திரையைப் பார்க்கவில்லை, ரவுட்டர்களைப் பார்த்தாள். இரண்டின் விளக்குகளும் வெறிபிடித்ததுபோல் துடித்தன. வந்த அழைப்பையெல்லாம் இது அதனிடம் தள்ள, அது இதனிடமே திருப்பித் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் அழைப்பு அறைக்கு ஓடினாள்.

போன் எடுக்கும் பெண் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. காலையிலேருந்து ஒரு கால்கூட இல்ல. இன்னைக்கு எல்லாரும் நல்லா இருக்காங்க போல."