ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் வேலை

சில வருடங்களுக்கு முன், ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில் எங்கள் மாடிக்கட்டடத்தின் நிழலில் பழைய பனி அழுக்காகக் கிடந்த ஓர் ஏப்ரல் மாதம், அங்கிருந்து வெளிக்கிட்டு பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரிக்குப் போனேன். மலைகளுக்கு மேலே, மூச்சு வாங்கும் உயரத்தில் இருக்கிற ஏரி அது. அதன் கரையிலும் தீவுகளிலும் இருக்கும் வீடுகளுக்குச் சோலார் விளக்குப் பூட்டிக் கொடுக்கும் தொண்டர் குழுவில் நானும் ஒருவன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். அம்மா துப்புரவு வேலை. நான் மின்தொழில் படித்துச் சான்றிதழ் எடுத்தேன். படிப்பு, வீடு, வைத்தியம் என்று இந்த நாட்டிடம் வாங்கிக்கொண்டே இருக்கிறோமே, எங்கேயாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று மனதுக்குள் ஓர் அரிப்பு. விடுமுறையை அதற்குத்தான் கொடுத்தேன்.

குழுவில் இன்னொரு தமிழரும் இருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து ஒஸ்லோவுக்கு ஆராய்ச்சி வேலைக்கு வந்தவர். நான் அவரை "அண்ணை" என்று கூப்பிட்டால், "தம்பி, அண்ணான்னு கூப்பிடு. இது என்னமோ சமையல் எண்ணெய் மாதிரி இருக்கு" என்பார்.

அந்த ஏரியில் சில தீவுகள் மண்ணே இல்லாதவை. கோரைப்புல்லை அடுக்கடுக்காகப் பரப்பி மிதக்க விட்டிருக்கிறார்கள். நடந்தால் மெத்தையில் நடப்பதுபோல் கால் புதையும். வீடும் கோரை, கூரையும் கோரை. அப்படியான ஒரு தீவில் ஒரு பெண்ணின் வீடு மெழுகுதிரி சரிந்து எரிந்துபோயிருந்தது. அயலவர்கள் சேர்ந்து புது வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் நெருப்பில்லாத வெளிச்சம் வரும்வரை பிள்ளைகளோடு அதற்குள் படுக்க மாட்டேன் என்று, இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தார். நாங்கள் போனது அவர் வீட்டுக்குத்தான். அடுத்த நாள் மாலை குழு திரும்ப வேண்டும்.

போனதும் ஒரு நெய்த துணியை விரித்து, அவித்த உருளைக்கிழங்கும் பொரித்த மீனும் வைத்தார். எனக்கு நல்ல பசி. ஆனாலும் வாய் பழக்கத்தில், "வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டது. எங்களுக்கு மொழிபெயர்த்த கல்லூரி மாணவி அதை அப்படியே சொன்னாள். பிறகு அந்தப் பெண், "உங்களுக்கு என்றைக்கு, என்ன வேலைக்கு நான் வர வேண்டும்?" என்று கேட்டார். நான் சிரித்தபடி, ஒன்றும் வேண்டாம், இது இலவசம் என்றேன். திரும்பவும் கேட்டார். நான் நெஞ்சில் கை வைத்து, மிகவும் மரியாதையாக, திரும்பவும் மறுத்தேன்.

அவர் துணியை மடித்துக் கிழங்கை முடிந்தார். "அப்படியென்றால் இதை வேறு வீட்டில் பூட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கோரை வெட்டப் போய்விட்டார்.

அந்த மாணவிதான் எங்களுக்கு விளக்கினாள். அங்கே ஒருவர் வந்து ஒரு நாள் உழைத்தால், அவருக்கு ஒரு நாள் உழைத்துத் திருப்ப வேண்டும். தனக்கு வீடு கட்டித் தந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெண் அப்படித்தான் முறை வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாராம். உன் வேலை வேண்டாம் என்றால், உன்னோடு எனக்குப் புழக்கம் வேண்டாம் என்று அர்த்தம்.

சாமான்களோடு படகில் வந்து உட்கார்ந்தோம்.

"நல்லாத்தானே பேசுன தம்பி? எங்க ஊர்ல ரெண்டு தடவ வேண்டாம்னு சொல்லிட்டு மூணாவது தடவ ஊத்துற காப்பியத்தான் குடிப்போம்."

"எங்கடை ஆக்களும் அப்பிடித்தான் அண்ணை. ஆனா இஞ்சை மூண்டாந்தரம் கேக்க மாட்டினம் போல."

திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அரிப்பில் கடல் தாண்டி வந்தவன் நான். அதே அரிப்பு இன்னொருவருக்கு இருக்கக்கூடும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

"அண்ணை, எங்கடை கட்டடத்திலை டுக்நாட் வரும். எல்லா வீட்டுக்காரரும் இறங்கி வாசல் முத்தத்தைத் துப்புரவாக்கிற நாள். ஒரு வீடு மட்டும் வரேல்லையெண்டால் எப்பிடிக் கதைப்பினம்?"

"கிழிச்சுத் தொங்க விட்ருவாங்க."

"அவவை இறங்கி வர வேண்டாமெண்டு நான் தடுத்துப்போட்டன்."

"அப்ப போய் வேலை கேளு. சும்மா பேருக்குக் கேட்டா கண்டுபிடிச்சிருவாங்க, ஆமா."

பேருக்குக் கேட்கத் தேவையே இருக்கவில்லை. உயரம் ஒத்துக்கொள்ளாமல் எங்கள் குழுவில் இரண்டு பேர் கரையிலுள்ள ஊரில் படுத்துக் கிடந்தார்கள். பக்கத்துத் தீவின் வீடுகளைக் கைவிடலாமா என்றுகூட யோசித்திருந்தோம். திரும்பிப் போய் அதைச் சொன்னேன். நாளைக்குக் காலை உங்கள் படகோடு வந்து எங்களோடு வேலை செய்யுங்கள், மத்தியானம் உங்கள் வீட்டு வேலையைச் செய்வோம் என்றேன். பிறகு, வெட்கத்தை விட்டு, எனக்குப் பசிக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். ஆறிப்போன கிழங்கும் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அக்காவையும் கூட்டிக்கொண்டு படகில் வந்துவிட்டார். பற்றரிகளைத் துணியில் கட்டி முதுகில் சுமந்தார். கம்பங்களை நிமிர்த்திப் பிடித்தார். மூச்சு வாங்க நின்ற மதுரைக்காரரைப் பார்த்து, இவரையும் சேர்த்துத் தூக்கவா என்று கேட்டார். மாணவி அதை மொழிபெயர்க்க, "தூக்குங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்று இவர் கையை விரிக்க, தீவே சிரித்தது.

மத்தியானம் அவர் வீட்டுக் கம்பத்தில் சோலார் தகட்டை ஏற்றி, உள்ளே கம்பி இழுத்து, விளக்கு மாட்டினோம். பொழுது சாயும்போது விளக்கின் ஆளியை அவர்தான் அழுத்தினார். கோரைச் சுவர் முழுக்க மஞ்சளாக வெளிச்சம் பரவியது. மகள்கள் இருவரும் பெரியம்மா வீட்டுக்கு ஓடிப்போய், போர்வைகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

நாங்கள் நன்றியை எதிர்பார்த்துச் சங்கோசத்தோடு நின்றோம். அவர் நன்றி சொல்லவில்லை. அயல்வீட்டுக்காரருக்கு ஆட்டுவதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, குளிர் வருகிறது என்று படலைச் சாத்திக்கொண்டார்.

அந்தப் பயணத்தில் மாலை போட்டவர்களும் உண்டு, கட்டிப்பிடித்து அழுதவர்களும் உண்டு. ஆனால், நன்றி சொல்லத் தேவையில்லாத ஆளாக அந்த ஏரியில் ஒரு வீட்டுக்காவது நான் ஆகியிருக்கிறேன் என்ற நினைப்புத்தான், இன்றும் கருவிப்பையோடு வேலைக்கு இறங்கும் காலைகளில் என்னை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.