உள்ளங்கையில் ஒட்டியிருந்த சீனி

டெட்டால் வாசமும் விறகுப் புகையும் ஒன்றாகக் கலந்தால் எனக்கு இன்றும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயம்தான், அந்த வரிசை வீடுகள்தான் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் தொடக்கம். பதுளை பஜாரில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை, ஒரு பழைய வேன். அந்த வேனுக்காகத்தான் செல்வராஜ் என்னைத் தேடி வந்தான். தப்பில்லை, நானும் காரியம் இருந்தால்தான் ஆட்களைத் தேடிப் போவேன்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவன். அதே லயத்தில் குடியிருந்து கொழுந்து பறித்த அம்மாவின் மகன். நான் எட்டாம் வகுப்போடு மூட்டை தூக்கப் போனேன். அவன் படித்து வெளிநாடு போய், மூளையைப் படம் பிடிக்கும் ஒரு லேபில் உதவியாளனாக இருந்தான். கதிர் வீசும் சீனியை ஊசியில் ஏற்றுவார்களாம். மூளையில் எந்தப் பக்கம் வேலை நடக்கிறதோ அந்தப் பக்கம் சீனியைத் தின்னுமாம். அது படத்தில் தெரியுமாம்...

"மூளைக்கும் பசிக்குமாடா?"

"அதுதான் மச்சான் ரொம்பத் தின்னும்."

"அப்ப உனக்குத்தான் செலவு கூட."

விஷயம் இதுதான். வெறும் வயிற்றோடு மலையேறுகிறவர்களின் ரத்தத்தில் விடிகாலையில் சீனி எவ்வளவு என்று அளந்து வந்தால், தனி ஆராய்ச்சி தருவதாக அவனுடைய புரபசர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் காலம் முழுக்கப் போத்தல் கழுவ வேண்டியதுதான். கையில் மூன்று வார லீவு. சோதனைக் கீற்றுகள் ஒரே ஒரு டப்பா. துளி ரத்தம் பட்டால் கீற்று நீலமாகும். நீலம் கடுத்தால் சீனி கூட என்று அர்த்தம்.

தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, என் வேனில் போய், ஆட்கள் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் முன் லயத்து வாசலில் மேசை போட்டோம். முதல் நாள் கடும் நீலம். இரண்டாம் நாளும் கடும் நீலம்.

"மச்சான், முழு லயத்துக்கும் சீனி வருத்தம், நீரிழிவு! பெரிய கண்டுபிடிப்பு. புரபசருக்குக் கடிதம் எழுதி வச்சிட்டேன்."

எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. நாள் முழுக்க மலையேறி இறங்குகிற சனம்...

மூன்றாம் நாள் பஞ்சு பிடிக்கும் வேலை என்னுடையது. மாரியாயி அக்கா கையை நீட்டினார். விரலைப் பிடித்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. வருடக் கணக்காகச் சீனி மூட்டையோடு கிடந்த கைக்கு அது தெரியாதா?

"அக்கா, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"ராத்திரி ரொட்டியோட சரிங்க. பல்லுல ஒன்னும் படல."

"சாயத்தண்ணி?"

"அது குடிக்காம எப்படிங்க முதலாளி கண்ணு தொறக்கும்? அது சாப்பாடா?"

உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, நக்கி நக்கி, பால் இல்லாத சாயத்தண்ணியை, பஜாரில் நாங்கள் சொல்லும் பிளேன்டீயை, குடிப்பது அங்கே வழக்கம். சீனி ரத்தத்திலும் ஏறியிருந்தது, விரலிலும் இருந்தது. எங்கள் ரமழான் நோன்புக்கு ஒரு மிடறு தண்ணீரும் ஆகாது. இவர்களுக்குச் சாயத்தண்ணி தண்ணீரோடு சேர்த்தி. லயத்தில் பிறந்த செல்வராஜுக்கும் அப்படித்தான். அதனால்தான் அவனுக்குக் கேட்கவே தோன்றவில்லை.

அவன் முகம் செத்துவிட்டது. டப்பாவில் மிச்சக் கீற்றுகள் பாதிக்கும் குறைவு.

"கடிதம் போட்டுட்டியா?"

"இல்ல... பையில இருக்கு." அங்கேயே கிழித்தான்.

மறுநாள் பெரிய கேத்தலும் டின் பாலும் கொண்டுபோனேன். கையைக் கழுவிவிட்டு, எதுவும் குடிக்காமல் வருகிறவர்களுக்கு, விரலில் குத்தி முடித்ததும் பால் தேத்தண்ணி.

மாரியாயி அக்கா சிரித்தார். "ரத்தத்த எடுத்துட்டுப் பால் ஊத்துறீங்க... நல்ல யாவாரம்தான் முதலாளி!"

கீற்றுகளில் நீலம் வெளிறியது. மிஞ்சியது கொஞ்சப் பேரின் அளவுதான், ஆனாலும் சரியான அளவு. புரபசர் ஏற்றுக்கொண்டார். அதன்பின் முப்பது வருடம் செல்வராஜ் மூளைகளைப் படம் பிடித்தான். சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றை எனக்கு அனுப்பினான். கடையில் ஒட்டினேன். "இது எந்த நாட்டு மேப்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

இப்போது எனக்கே சீனி வருத்தம். ரத்தம் கொடுக்கப் போகும் லேபில் ஏசி, நம்பர் துண்டு, கையுறை. கையுறை போட்ட விரலுக்குப் பிசுபிசுப்பு தெரியாது. போன மாதம் ஊசி போடும் பிள்ளை தலை நிமிராமல் கேட்டார்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல மகள்." உண்மைதான்.

பஞ்சை எடுத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"மகள்... பிளேன்டீ குடிச்சேனான்னும் கேளுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."