இராசநாயகம் அண்ணை கடக்காத எட்டுக் கிலோமீற்றர்

செய்தி தொலைபேசியில் வந்தது. முதல் தடவை கேட்டபோது எனக்கு அது விளங்கவில்லை. ஹம்பேர்க்கில் ஒரு ஹொட்டேலின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறேன். காலை பத்து மணியிருக்கும், ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பேசியவர் ஹில்டா அக்கா. அகதிகள் விடுதியில் எங்களுக்கு ஜெர்மன் சொல்லித் தந்த அந்த முதிய பெண்மணியை இதை வாசிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். "ஹேர் ராசா நித்திரையாகிவிட்டார்" என்று ஜெர்மனில் சொன்னார். ஹேர் ராசா என்று அவர் சொல்வது இராசநாயகம் அண்ணையை. "நல்லது, எழுப்ப வேண்டாம். பின்னேரம் நான் எடுக்கிறேன்" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்து இரண்டு தரம் ஹலோ சொன்னேன். பிறகு அவர் மெதுவாக, பாடம் சொல்லித் தருகிற குரலில், வேறு சொல்லைச் சொன்னார். செத்துப்போனார் என்ற சொல். இந்த நாட்டில் இறந்தவரை நித்திரையானார் என்றும் சொல்வார்கள் என்பது நாலு வருடமாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தக் கடுஞ்சொல்லை அவர் வாயால் சொல்ல வைத்தது இன்னும் உறுத்துகிறது.

இராசநாயகம் அண்ணை இலங்கையில் நில அளவையாளராக முப்பது வருடம் வேலை செய்தவர். ஐம்பத்தொன்பது வயதில், மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு, எங்களைப் போலவே கிழக்கு பெர்லினில் இறங்கி வந்தவர். வடக்கே, ஏரிகள் நிறைந்த ஒரு சின்ன ஊரின் விடுதியில் அவரைப் போட்டார்கள். அடுத்த வருடம் என்னையும் அங்கேதான் போட்டார்கள். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று. எங்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதியில்லை. பகலில் படுத்தவர்கள் பின்னேரம் எழும்பினார்கள். அண்ணை மட்டும் காலையில் சவரம் செய்து, சட்டை மாற்றி, ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருவார்.

வள்ளம் அவருக்குக் கிடைத்தது ஒரு ஜெர்மன் வகுப்பில். ஹில்டா அக்கா சொற்கள் பழக்குவதற்காகத் தன்னுடைய பழைய படங்களைக் கொண்டுவந்திருந்தார். ஒரு படத்தில் அவரும் புருஷனும் ஒரு நீண்ட திறந்த வள்ளத்தில் துடுப்போடு இருந்தார்கள். இந்த வள்ளம் இப்போது எங்கே என்று அண்ணை கேட்டார். கொட்டிலில் கிடக்கிறது, புருஷனுக்கு இடுப்பு ஏலாது, தனக்கும் அறுபத்து மூன்றாகிவிட்டது, "அல்ட்" என்றார் அக்கா. வயதாகிவிட்டது. அண்ணை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "நானும் அல்ட்" என்றார். வகுப்பே சிரித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வள்ளம் தண்ணீரில் இறங்கியது. மூன்றாவது ஆளாக என்னை இழுத்தார்கள். எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீர் காவத்தானே வாறீர் தம்பி. நீந்தச் சொல்லி ஆர் கேட்டது?" என்றார் அண்ணை.

காவுவது என்ன என்று அன்றுதான் தெரிந்தது. ஸ்வென்ரீன என்ற அந்த ஆறு ஏரிக்கு ஏரி போய், கடைசியில் கீல் நகரத்தில் கடலைச் சேர்கிறது. இடையிடையே பழைய மில்லும் அணையும் குறுக்கே நிற்கும். அந்த இடங்களில் கரையேறி, வள்ளத்தையும் கூடாரத்தையும் சாப்பாட்டுப் பெட்டியையும் காவிக்கொண்டு நடந்து, அடுத்த பக்கத்தில் மறுபடி இறக்க வேண்டும். முதல் வருடம் அண்ணை வள்ளத்தைக் கவிழ்த்துத் தனியே தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். தலை வள்ளத்துக்குள், வெளியே தெரிந்தது இரண்டு கால் மட்டும். எதிரே நாயோடு வந்த ஒரு பெண் ஒதுங்கி நின்று கை தட்டினாள். அடுத்த வருடம் அவர் ஒரு முனை, நான் மறு முனை. மூன்றாவது வருடம் அக்கா இரண்டு சில்லு வைத்த சின்ன வண்டியொன்று வாங்கினார். சாமான்களைச் சிறு சிறு மூட்டையாக்கி மூன்று நடையாகக் கொண்டுபோனோம். தகரச் சாப்பாட்டை விட்டுவிட்டு அரிசியும் பருப்பும் மட்டும் கொண்டுபோகத் தொடங்கினோம். அக்கா முழங்காலுக்குக் கீழே போட ஒரு பழைய தலையணையைக் கொண்டுவந்தார். "நான் விட மாட்டேன். சின்னதாக்குவேன்" என்று அவர் ஜெர்மனில் சொன்னதை அண்ணை தமிழில் எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொழில் பழக்கத்தில் அண்ணை ஒவ்வொரு தடவையும் காலடி எண்ணுவார். மில்லடியில் முதல் வருடம் நானூற்றுப் பன்னிரண்டு காலடி. மூன்றாவது வருடம் அதே பாதை ஐந்நூற்றைத் தாண்டியது. பாதையை மாற்றிப் போட்டார்களோ என்று கேட்டேன்.

"நிலம் நீளாது தம்பி. நான்தான் குறுகுறன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடல் வரைக்கும் போக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எப்போது வந்தது என்று தெரியாது. மாவட்ட எல்லை ஓர் ஏரியின் நடுவே ஓடியது. அதைத் தாண்டினால்தான் கீல். அனுமதி கேட்டு அன்ராக் என்ற விண்ணப்பம் எழுதினார். நானும் அலுவலகத்துக்குக் கூடப் போனேன். மேசைக்கு அப்பால் இருந்தவர் மரியாதையானவர், எங்களை இருக்கச் சொன்னார். கீலில் உறவினர் இருக்கிறார்களா? இல்லை. வைத்தியரைப் பார்க்கவா? இல்லை. வழக்கறிஞரையா? இல்லை. அப்படியானால் எதற்கு? "ஆறு அங்கேதான் முடியுது" என்றார் அண்ணை. அது காரணமாகாது என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மறு வருடமும் எழுதினார், அதற்கு மறு வருடமும் எழுதினார். ஒரே பதில்.

"ஏரிக்கு நடுவில ஆர் அண்ணை பார்க்கப்போகினம்? சும்மா போவம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் முப்பது வருசம் எல்லைக்கல்லு நட்டவன். களவாப் போனா அது எனக்குப் போனதா இராது. அதோட, பிடிச்சாங்கள் எண்டா உம்மட கேசும் பழுதாப்போம்." அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வரைபடத்தை வைத்து, ஒரு தேவாலயக் கோபுரமும் ஒரு படகுத்துறையும் ஒரே கோட்டில் வரும் இடம்தான் எல்லை என்று கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்த இடம் வந்ததும் துடுப்பை நிறுத்தி, வள்ளத்தைத் திருப்புவார்.

எண்பத்தேழு ஒக்டோபரில் ஊரில் ஷெல் விழுந்து அவருடைய மனைவி இறந்த செய்தி, இரண்டு கிழமை பிந்தி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் கிடைத்தது. விடுதியில் ஆட்கள் கூடினார்கள். யாரோ தேநீர் வைத்தார்கள். அண்ணை எழும்பி, "வள்ளத்தை இறக்குவமே தம்பி?" என்று என்னிடம் கேட்டார். குளிர் தொடங்கிவிட்டது, தண்ணீர் கறுத்துக் கிடந்தது. எல்லை வரைக்கும் போனோம். அவர் துடுப்பை நிறுத்தினார், வள்ளத்தைத் திருப்பவில்லை. நான் முன்னுக்கு இருந்தேன், அவர் எனக்குப் பின்னால். முன்னுக்கு இருப்பவன் பின்னால் இருப்பவரைப் பார்க்க முடியாது, சட்டென்று திரும்பினால் வள்ளம் ஆடும். பின்னால் அவர் அழுகிறாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. காற்று எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லைக்கு அப்பால் தள்ளியது. அதை அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். பிறகு அவருடைய துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. நானும் வலித்தேன். கரையேறி வள்ளத்தைக் கட்டினோம்.

மறு வருடம் எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்து ஹம்பேர்க்குக்கு வந்துவிட்டேன். அண்ணையின் வழக்கு இழுபட்டது. அந்தக் குளிர்காலத்தில் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. படியேறினால் மூச்சு வாங்கியது. இருதயம் பலவீனம் என்று வைத்தியர் மாத்திரை கொடுத்தார். இந்த வருடம் சித்திரையில் அவருக்கும் அகதிப் பேப்பர் வந்தது. இனி நாட்டின் எந்த மூலைக்கும் போகலாம். இரவு விடுதித் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, லீவு எடும். ஓகஸ்டில நாலு நாள்."

"அண்ணை, உங்களுக்கு இப்ப ஏலுமே?"

"அதைத்தான் போய்ப் பார்ப்பம் எண்டிறன்."

ஹில்டா அக்காவிடம் பேசினேன். கூட்டிக்கொண்டு போவதா விடுவதா என்று இரண்டு பேரும் தொலைபேசியில் முட்டி மோதினோம். வைத்தியர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கவனம் என்று மட்டும் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இப்போது அறுபத்தேழு. "நாங்கள் இல்லையென்று சொன்னால் அவர் இந்தக் கோடை முழுவதும் கட்டிலில்தான் இருப்பார்" என்றார். மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

அண்ணையை நடுவில் இருத்தினோம். துடுப்புக் கொடுக்கவில்லை. "என்னைச் சாமான் ஆக்கிப்போட்டியள்" என்றார். எல்லையைக் கடந்தபோது அவர் கோபுரத்தையும் துறையையும் ஒன்றும் பார்க்கவில்லை, குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். முதல் இரண்டு நாளும் நன்றாகப் போயின. காவுகிற இடங்களில் அவர் தடி ஊன்றி முன்னால் புறப்படுவார். நாங்கள் மூன்று நடை போய் வந்த பிறகும் அவர் பாதையில்தான் இருப்பார். இடையில் ஒருநாள் மழை. அன்றைக்குச் சத்திரம் ஒன்றில் அறை எடுத்துத் தங்கினோம், அக்கா அவருடைய கால்களை வாளிச் சுடுதண்ணீரில் வைத்துத் தேய்த்துவிட்டார். அண்ணை வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாலாம் நாள் கடைசி அணை வந்தது. அதற்கு அப்பால் கடலுக்கு எட்டுக் கிலோமீற்றர்தான். சரிவான, நீளமான பாதை. பாதி வழியில் வெட்டிப் போட்டிருந்த ஒரு மரக் குற்றியில் அண்ணை இருந்தார். நாங்கள் வள்ளத்தைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பி வந்தோம். உதட்டில் நிறமில்லை.

"எழும்புங்கோ அண்ணை, மெல்ல மெல்லப் போவம்."

"ஏலாது தம்பி."

நாலு வருடத்தில் தன்னைப்பற்றி அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. குனிந்து முதுகைக் காட்டினேன். மறுத்தார், பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டார். பத்துக் காலடி வைத்திருப்பேன். முழங்கால் மடிந்தது. விழாமல் அவரைப் புல்லில் இறக்கிவிட்டு, நானும் பக்கத்தில் இருந்து மூச்சு வாங்கினேன். அக்கா எங்கள் இருவருக்கும் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மூன்று பேரில் ஒருவராலும் மற்றவரைத் தூக்க முடியவில்லை.

"நீங்கள் ரெண்டு பேரும் போய் முடியுங்கோ. நான் ரக்சியில வாறன்" என்றார் அண்ணை. அம்புலன்ஸ் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். தெருவோரத்துச் சாப்பாட்டுக் கடையில் அவரை இருத்தி, ரக்சிக்குச் சொல்லிவிட்டு நாங்கள் புறப்பட்டோம். நடு இருக்கை காலியாக இருந்ததால் வள்ளம் முன்பாரமாகிப் போனது. நாங்கள் கீலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பாலத்தடியில் ஒரு வாங்குப் பலகையில் அண்ணை ஏற்கெனவே இருந்தார். எதிரே கப்பல்கள், உப்புக் காற்று. நான் கரையேறி அவர் பக்கத்தில் போய் இருந்தேன்.

"கடலைக் கண்டிட்டியள் அண்ணை."

"கண்டிட்டன். ஆனா வந்தனான் எண்டு சொல்லேலாது" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று கிழமைதான் இருந்தார். அஸ்தியைக் கையில் தர இங்கே சட்டமில்லை, அந்த ஊர்ச் சுடலையிலேயே புதைத்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அவருடைய தமையன் மகன் வந்து அண்ணையின் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு போனார். செத்தவீட்டில் சிலர் என்னிடம் நேரே கேட்டார்கள், இருதய வருத்தக்காரனை ஏன் காடு மேடெல்லாம் இழுத்துக்கொண்டு போனாய் என்று. பயணத்தால் அல்ல என்று வைத்தியர் சொன்னார். அவர் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு இன்றும் என்னிடம் பதிலில்லை. கூட்டிக்கொண்டு போகாமல் விட்டிருந்தால் அதற்கும் என்னிடம் பதில் இருந்திராது.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. கீலிலிருந்து திரும்பும் ரயிலில் அவர் யன்னலோரம் இருந்தார். ஆற்றுப் பக்கம் பார்க்கவில்லை. "வாற வருசம் அந்த எட்டுக் கிலோமீற்றரையும் முடிப்பம் அண்ணை" என்றேன். சொன்ன உடனேயே என் முகம் சுட்டது. அளவில் ஓர் அங்குலம் பிழைத்தாலும் அழித்து எழுதுகிற மனிதர் அவர். என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் கையைத் தட்டி, "ஓம் தம்பி, முடிப்பம்" என்றார். எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய்யை வைத்திருக்கிறேன்.