பின்விளக்குக்கு ஒரு பொட்டு

போன வியாழக்கிழமை மாலை, வேட்டி சட்டையோடு, இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தேன். குளிக்கப் போகவில்லை. பூதப்பாண்டியில் இருக்கும் என் தங்கை சிவகாமி வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் அவள் புருஷன் தாணு, அதே தண்ணீரில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மேலே ரோட்டில் ஒரு பஸ். அதன் ஜன்னல் தோறும் இரண்டு மூன்று தலைகள். எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படி வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் தீராது.

தாணுவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மலையோரத் தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், சுதந்திரம் வந்த பிறகு சீமைக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனது. தாணுவுக்கு நாகர்கோவிலில் ஆபீஸ் வேலை. தினமும் காலையில் அதில் வருவார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர் திரும்புவார். அந்த வண்டியின் பின் மட்கார்டில் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி விளக்கு இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முன்னால் ஓர் ஆள் போகிறான் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்ல அது ஒன்றுதான் உண்டு.

அந்த விளக்கின் மேல்தான் என் தங்கை ஆயுத பூஜை அன்று சந்தனத்தை அப்பி, நடுவில் தாராளமாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். அதற்கு மேல் தோவாளைப் பிச்சிப்பூ ஒரு முழம்.

பூஜைக்கு வைத்தது சரி. யார் வேண்டாம் என்றார்கள்? அரிவாளுக்கு வைக்கிறோம், தராசுக்கு வைக்கிறோம், தையல் மிஷினுக்கு வைக்கிறோம். மறுநாள் அரிவாளை எடுத்து வேலை செய்தால் சந்தனம் தானே போய்விடும். விளக்கு பாவம், என்ன செய்யும்? அது இருந்த இடத்திலேயே இருந்து எரிகிறது. சந்தனமும் இருந்த இடத்திலேயே இருந்து காய்கிறது.

ஐப்பசி மழை கழுவியிருக்காதா என்பீர்கள். கழுவத்தான் செய்தது. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் சிவகாமி விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.

துடைத்துவிட்டு ஓட்டும் என்று தாணுவிடம் பல தடவை சொன்னேன். படித்த மனுஷர் அல்லவா, சட்டம் பேசினார். இருட்டினால் பின்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம், எரிகிறது என்றார். சுவிட்சைப் போட்டும் காட்டினார். நான் குனிந்து, மூக்கு மட்கார்டில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஆமாம், சந்தனத்துக்குப் பின்னால் ஏதோ மினுங்கியது. பின்னால் வருகிற பஸ் டிரைவரும் இப்படிக் குனிந்து பார்ப்பானா என்று கேட்டேன். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை போலிருக்கிறது. சுவிட்சை அணைத்தார். பிறகுதான் உள்ளதைச் சொன்னார்.

"அது அவ வச்ச குங்குமமில்லா அத்தான். நான் எப்பிடி என் கையால தொடைக்கது?"

புருஷன் நல்லபடி வீடு வந்து சேர வேண்டும் என்று ஒரு பெண் வைத்த குங்குமம். அதை அந்தப் புருஷனே துடைப்பதா? அவர் தயங்கியதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. ஆனால் புரிந்ததனால் அந்த விளக்கு வெளியே தெரிந்துவிடுமா என்ன?

வியாழக்கிழமைக்கு வருகிறேன். ஆபீஸ் விட்டதும் தாணு என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நாகர்கோவிலை விட்டு வெளியேறும் ஜங்ஷனில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். அவரைத் தூரத்தில் கண்டதுமே விளக்கில்லாத சைக்கிள்காரர்கள் எல்லாரும் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். அவரைத் தாண்டியதும் ஏறிக்கொண்டார்கள். தள்ளுகிற சைக்கிளுக்கு விளக்கு வேண்டாமாம்! தினசரி நடக்கிற நாடகம். அவரும் பார்க்கிறார், அவர்களும் பார்க்கிறார்கள், எல்லாருக்கும் சம்மதம்.

எங்களை நிறுத்தினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். நான் சொல்லித் துடைக்காத தாணு, சர்க்கார் சொன்னால் துடைப்பார் அல்லவா? போலீஸ்காரர் பின்பக்கம் வந்தார். பொட்டைப் பார்த்தார். வாடிப்போய் ஒரு பக்கமாகத் தொங்கிய பிச்சிப்பூவை நேராக்கி வைத்தார். போகலாம் என்று கையைக் காட்டினார்.

நான் மறுபடியும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இறச்சகுளம் தாண்டியபோது வெளிச்சம் போய்விட்டது. லேசான தூறல் வேறு. எதிரே ஒருவன் வாத்துக் கூட்டத்தை வயலிலிருந்து ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். தாணு வேகத்தைக் குறைத்தார். சட்டப்படி வலது கையை நீட்டி, மேலும் கீழும் ஆட்டி, பின்னால் வருகிறவர்களுக்குச் சைகையும் காட்டினார். நம் ஊரில் ரோட்டில் நீளும் கைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். திரும்பப் போகிறவனும் கை நீட்டுவான். வெற்றிலை துப்பப் போகிறவனும் நீட்டுவான். வயலில் நிற்கும் சொந்தக்காரனிடம் சௌக்கியமா என்று கேட்கிறவனும் நீட்டுவான். ஆனால் அன்றைக்கு அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. இருட்டில் அந்தக் கையையே யாரும் பார்க்கவில்லை.

பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. பஸ் திரும்பிய திருப்பலில் அதன் மூலை எங்கள் மட்கார்டை லேசாகத் தொட்டது. லேசாகத்தான். மோட்டார் சைக்கிள் ரோட்டோரப் புல்லில் சாய்ந்தது. நாங்கள் இருவரும் வாய்க்காலில்.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். பெயர் ஞானமுத்து என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே, கண் தெரியவில்லையா என்று அவரைச் சத்தம் போட்டேன்.

அவர் பஸ்ஸின் முகப்பைக் காட்டினார். பார்த்தேன். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்திலும் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள். காய்ந்து சருகான இலைகள் விளக்குகளின் மேல் சரிந்து கிடந்தன. இலை மறைக்காத இடத்தில் சந்தனம். சந்தனம் மறைக்காத இடத்தில் குங்குமம். மிச்சமிருந்த வெளிச்சத்தில்தான் அவ்வளவு பெரிய பஸ் நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கிறது.

இதைத் துடைக்கக் கூடாதா என்று கேட்டேன். ஞானமுத்து சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் வேதக்காரன் சார். மொதலாளி வெள்ளிக்கு வெள்ளி வைக்க சந்தனத்த நான் தொடச்சா, வேதக்காரன் வேணும்னு தொடச்சான்னுல்லா ஊரு சொல்லும்?"

என்ன சொல்வீர்கள் இதற்கு? ஒருவர் பெண்டாட்டி மனம் நோகும் என்று துடைக்கவில்லை. இன்னொருவர் கிறிஸ்தவர், ஊர் வாய்க்குப் பயந்து துடைக்கவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு நல்லவர்கள் ஒரே ரோட்டில் முன்னும் பின்னுமாக வந்ததில் நான் சாகப் பார்த்தேன்.

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபோது ஒன்று தோன்றியது. வண்டியில் ஹார்ன் இருக்கிறது, பிரேக் இருக்கிறது, உட்கார மெத்தை இருக்கிறது… எல்லாம் நமக்காக. பின்விளக்கு மட்டும் நமக்காக இல்லை. ஓட்டுகிறவன் அதைப் பார்க்கவே முடியாது. யாரென்று தெரியாத ஒருவன் பார்ப்பதற்காக நாம் சுமந்துகொண்டு போகிற சாமான் அது. அதனால்தானோ என்னவோ, அது அவனுக்குத் தெரிகிறதா என்று இறங்கிப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

வீட்டில் சிவகாமி எங்களைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். தாணுவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. தலையைத் துவட்டினாள், தைலம் தேய்த்தாள், சுடச்சுட ரசம் கொடுத்தாள். இனியாவது புத்தி வரும் என்று நான் சாப்பிட உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியளாண்ணே, அந்தக் குங்குமம்தான் ரெண்டு பேரயும் காப்பாத்தீட்டு."

நான் இன்னும் கொஞ்சம் ரசம் விடச் சொன்னேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் காப்பி குடித்துவிட்டு வெளியே வருகிறேன், கையில் சந்தனக் கிண்ணத்தோடு வண்டியின் பின்னால் அவள் குனிந்துகொண்டிருக்கிறாள். வழக்கத்தைவிடக் கிண்ணம் பெரிது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து அந்த விளக்கை அழுத்தித் துடைத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது சொன்னேன்:

"ஏட்டி, இது சாமி பாக்கதுக்குள்ள வெளக்கு இல்ல, பின்னால வாரவன் பாக்கதுக்குள்ளது. அவன் பாக்கலேன்னா ஒன் நெத்தில பொட்டு இருக்காது."

அண்ணன் வாயில் வரக்கூடிய வார்த்தையா? வந்துவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான், நான் புறப்படும்வரை வெளியே வரவில்லை. தாணு என்னை நாகர்கோவிலில் கொண்டுவந்து விட்டார்.

இந்த வாரம் தீபாவளி வந்து போயிற்று. வருஷம் தவறாமல் தங்கை வீட்டிலிருந்து எனக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் வரும். இந்த வருஷம் வரவில்லை. நேற்று தாணு என் வீட்டுக்கு வந்து, அவள் என் பேரைக்கூட எடுப்பதில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு, தெருவில் நிறுத்தியிருந்த வண்டியைப் பாருங்கள் என்றார். பெட்ரோல் டாங்கியில் சந்தனம், ஹாண்டில் பாரில் குங்குமம், சீட்டுக்கு அடியில்கூட ஒரு பொட்டு. பின்விளக்கில் மட்டும் ஒன்றுமில்லை. தினமும் காலையில் அதை அவளே துடைத்துவிடுகிறாளாம். அண்ணனிடம் இதைச் சொல்லக் கூடாது என்றும் உத்தரவாம்.

அவர் புறப்பட்டபோது நன்றாக இருட்டியிருந்தது. அந்தச் சிவப்பு விளக்கு தெருக்கோடி திரும்பும்வரை தெரிந்தது.

சிவகாமி என்னோடு பேசாவிட்டால் போகட்டும். அவள் பேசுவதற்குச் சாயங்காலம் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து சேருகிறார், அது போதும்.