பலாக்கன்றுகளின் தாகம்

குமிழி பார்ப்பதுதான் அன்றைக்கு என் வேலை. எனக்கென்றே படைத்த வேலை.

இராஜாக்கமங்கலம் சாலையோரம் நானும் மைனியும், அதாவது என் அண்ணன் மனைவியும், நர்சரி நடத்துகிறோம். போன வருடம் தேனிப் பக்கம் அனுப்பிய பலாக்கன்றுகளோடு வெள்ளைப்புழுவும் சேர்ந்து போய், அங்கே வேரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. வாங்கியவர் நல்ல மனிதர். இன்னொரு முறை நம்பிப் பார்க்கிறேன் என்றார். அந்த ஒரு முறைதான் இது.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கன்றையும் பையோடு மருந்துத் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். மண்ணிலிருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். குமிழி நின்றால் மருந்து உள்ளே இறங்கிவிட்டது என்று கணக்கு. கையுறை போட்டுக்கொண்டு தொட்டியருகில் உட்கார்ந்தேன். கடல்காற்று வந்தது. குமிழிகள் மேலே வந்து, வெயிலை ஒரு நொடி வைத்திருந்து உடைந்தன. கன்றுகள் ஏதோ சொல்லிக்கொண்டே போவதுபோல இருந்தது. நான் சொக்கிப்போனேன். அந்தக் குமிழிப் பேச்சு சீக்கிரமே நின்றுவிட்டது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

லாரி வந்து நின்றபோது மைனி ஒரு பையைக் கிழித்து மண்ணை உதிர்த்தாள். வெள்ளைப்புழு ஒன்று கொழுகொழுவென்று நெளிந்தது.

"ஏட்டி, நேத்து தண்ணி ஊத்தினியா?"

"நெறைய ஊத்தினேன் மைனி. தூரம் போகுதுல்லா."

பிள்ளையைப் பட்டினியோடு பயணம் அனுப்ப எனக்கு மனம் வராது. கன்றையும் அப்படித்தான்.

"வயிறு முட்ட குடிச்சதுக்குப் பொறவு மருந்து எங்க எறங்கும்?"

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. லாரியை நானே திருப்பி அனுப்பினேன்.

இரண்டு நாள் சொட்டுத் தண்ணீர் விடவில்லை. மண் வெளுத்தது, தளிர் தொங்கியது. குழாயைக் கண்டாலே கை துறுதுறுத்தது. அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் முக்கினோம். குமிழி வந்துகொண்டே இருந்தது. பிறகு கிழித்துப் பார்த்த பையில் புழு செத்துச் சுருண்டிருந்தது.

"இனி ஏத்தலாம் மக்கா" என்றாள் மைனி.

வரிசையைப் பார்த்தேன். தொங்கிய தளிர்கள் நிமிர்ந்திருந்தன. என் கையால் ஊற்றும் தண்ணீரைக் குடிப்பதுபோலவே அந்த மருந்தையும் ஆசையாகக் குடித்திருந்தன.